நாவும் நாசியும்: ஃபேரர் பார்க்கிலிருந்து ஒரு மண வரலாறு

1992ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ‘ஏஞ்சல்’ என்னும் வாசனைத் திரவியம் விற்பனைக்கு வந்தது. ஆடை வடிவமைப்பாளர் தியெரி முக்லேயின் பெயரைத் தாங்கிய அதனைக் கலந்து அமைத்தவர் ஒலிவியே கிரெஸ்ப். விண்மீன் வடிவக் குப்பி, நீல நிற நீர்மம், மலர் மணம் பெயரளவுக்கே. தம் இளமையில் கண்ட கேளிக்கைச் சந்தையையும் அதன் பஞ்சுமிட்டாயையும் நினைவூட்டும் மணம் ஒன்று வேண்டும் என்பது முக்லேயின் விருப்பம். கிரெஸ்ப் சர்க்கரைப் பாகு, சாக்லெட், தேன், வனிலா ஆகியவற்றின் மணங்களை ஒன்றுகூட்டி, அவற்றுக்கு அடியில் பச்சோலி என்னும் இலைத் தைலத்தைத் தாராளமாக வைத்தார். வனிலாவை மேனாட்டார் அதற்கு நூறாண்டு முன்பிருந்தே வாசனைத் திரவியங்களில் பயன்படுத்தி வந்தனர். ஆனால் ஒரு தின்பண்டக் கடையையே மேனியில் அணியலாம் என்று துணிந்து சொன்னது இந்தக் குப்பிதான். அதன் வழியில் வந்தவற்றுக்கு வணிக உலகம் ‘குர்மான்’ என்று பெயர் வைத்தது. உண்பதில் இன்பம் காண்பவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது.

தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. இக்கட்டுரையில் ‘சுவைமணம்’ என்று வழங்குகிறேன். சொல் பொருந்துமா என்பதை இறுதியில் பார்ப்போம். இவ்வுரையின் கேள்வி வேறு. எது உண்பதற்குரிய மணம், எது பூசுவதற்குரிய மணம் என்று பிரித்தவர் யார்? அந்தப் பிரிவினை மூக்கின் இயல்பா, அல்லது வரலாறு நம் மூக்குக்குக் கற்றுக்கொடுத்ததா? சிங்கப்பூரில் இக்கேள்வியைக் கேட்பதற்கு ஃபேரர் பார்க்கை விடப் பொருத்தமான இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஃபேரர் பார்க் என்னும் பெயர் பிற்காலத்தது. 1840களிலிருந்து 1933 வரை அவ்விடம் குதிரைப் பந்தயத் திடல். பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறிய பின்னர், நகராண்மைக் கழகத் தலைவராய் இருந்த ஆர். ஜே. ஃபேரர் அவர்களின் பெயர் திடலுக்கு அமைந்தது. 2003இல் வடகிழக்கு ரயில் பாதை திறக்கப்பட்டபோது நிலையத்துக்கும் அதே பெயர். நிலையத்திலிருந்து வெளியே வந்தால் சிராங்கூன் சாலையில் 1855இல் தோன்றிய ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் எதிர்ப்படும். கோயிலிலிருந்து தேக்கா நோக்கி நடப்பவர் பத்து நிமிடத்துக்குள் ஊதுவத்தி, வறுத்த மல்லி, மல்லிகைச் சரம், பொரிக்கும் எண்ணெய், அத்தர், பழக்கடைப் பலா, கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பிரெஞ்சுத் திரவியம் ஆகிய அனைத்தையும் கடந்துவிடுவார். எங்கே உணவு முடிகிறது, எங்கே ஒப்பனை தொடங்குகிறது என்று அந்தச் சாலையில் கோடு போட முடியாது.

எனக்கு விருப்பமான சுவைமணமும் அந்த முதற்குப்பியே. குளிரூட்டிய கடைக்குள் ஒரு காகிதப் பட்டையில் தெளித்து முகர்ந்தால் அதன் பாதி இயல்புதான் தெரியும். மணிக்கட்டில் இட்டுக்கொண்டு மாலை ஐந்து மணிக்குச் சிராங்கூன் சாலையில் நடக்க வேண்டும். ஐரோப்பியக் குளிர்காலத்துக்கு ஏற்ப அளவிடப்பட்ட திரவியம் இங்கே வேறொன்றாகிவிடுகிறது. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியது. பகல் வெப்பம் 31 பாகைக்கு மேல் ஏறுவது வழக்கம். வெப்பம் மணத்துகள்களை விரைந்து எழுப்பும். ஈரக்காற்றில் மூக்கு அவற்றைக் கூர்மையாக உணரும். ஆகவே பாரிசில் இரண்டு தெளிப்புப் போதும் என்றால் இங்கே ஒன்றே மிகுதி.

முதற்பத்து நிமிடம் குப்பென்று எழுவது சாராவியின் வெம்மையும், பழத்தோலின் காரமும், வாயில் இட்டவுடன் பல் கூசுகிற அளவுக்கு ஒரு தித்திப்பும். இந்தக் கட்டத்தை வைத்து இதனை வெறுத்துவிட்டவர்கள் பலர். கால்மணி கடந்தால் கூச்சம் தணிந்து பாகு தெளிவாகத் தெரியும். அது வெள்ளைச் சர்க்கரைப் பாகன்று. அச்சுவெல்லத்தைக் கொதிக்கவிட்டு, அடி பிடிக்கும் முன் இறக்கியது போன்றது. அதில் கருகலின் நிழல் உண்டு, கசப்பின் சாயல் உண்டு. அதனால்தான் தெவிட்டாமல் இருக்கிறது. இரண்டு மணி நேரம் சென்ற பின் தித்திப்பு தோலோடு ஒட்டிப் படிந்து, அதனடியிலிருந்து வேறொன்று மேலே வரும். ஈர மண், பழைய மரப்பெட்டி, உலர்ந்த இலை. இனிப்பைத் தாங்கி நிற்பது அதுவே. உலர்ந்த தோலில் அது விரைவில் மங்கும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் நெடுநேரம் நிற்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்த மேனியில் சந்தனம் பூசிய நம் முன்னோர் இவ்வுண்மையை அறிந்தே இருந்திருப்பர். புடவைத் தலைப்பில் ஒரு துளி பட்டால் மறுநாள் காலை மடிக்கும்போதும் அந்த அடிமணம் கிடைக்கும்.

மேனாட்டார் இம்மூன்று நிலைகளை இசைச் சொல்லால் மேல்சுரம், நடுச்சுரம், அடிச்சுரம் என்பது போல் குறிப்பர். நம் சமையற்கட்டு அதே நிகழ்ச்சியை வேறு சொற்களால் என்றோ வகுத்துவிட்டது. தாளிப்பு குப்பென்று எழும். பச்சை வாசம் போகும்வரை வதக்க வேண்டும். கொதி வந்ததும் கமகமவென்று வரும். அடி பிடித்தால் தீய்ந்த வாடை. அடுப்பைப் பார்க்காமலே அடுத்த அறையிலிருந்து மூக்கால் நேரம் கணிக்கும் பாட்டிமார், காலத்தோடு மாறும் மணத்தைப் படிப்பதில் எந்த நறுமணக் கலைஞருக்கும் குறைந்தவர் அல்லர்.

வேதியியலும் இதனை வழிமொழிகிறது. சர்க்கரை சூடேறிக் கருகும் வேளையில் மால்ட்டால் என்னும் பொருள் தோன்றும். பாகின் மணத்தில் அதற்கும் பங்கு உண்டு. அதன் ஆய்வுக்கூட உறவினனாகிய எத்தில் மால்ட்டால் அதைவிடப் பல மடங்கு வலிமையானது. உணவுத் தொழிலுக்காகப் புகுந்த அப்பொருளைக் கிரெஸ்ப் அதுவரை எவரும் துணியாத அளவில் திரவியத்துக்குள் கொண்டுவந்தார். அதற்கு முன்னோடி வனிலின். 1874இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் டீமானும் ஹார்மானும் அதனைச் செயற்கையாக ஆக்கினர். 1889இல் கெர்லேன் நிறுவனத்தின் ‘ஜிக்கி’ அதனைப் பயன்கொண்டது. 1925இல் அதே நிறுவனம் முகலாயத் தோட்டம் ஒன்றின் பெயரை இட்டு வெளியிட்ட ‘ஷாலிமார்’, எத்தில் வனிலினைக் கொண்டு இன்னும் ஆழமாகச் சென்றது. கீழைநாட்டுப் பெயர் சூட்டினால் தித்திப்பு மன்னிக்கப்பட்டது போலும்.

ஆனால் அந்த அடிமணத்தைப் பற்றித்தான் நாம் சற்று நின்று பேச வேண்டும். பச்சோலி என்று உலகம் வழங்கும் சொல்லுக்கு ஆங்கில அகராதிகள் காட்டும் மூலம் தமிழ். பச்சை, இலை என்னும் இரு சொற்களின் சேர்க்கையாக அதனை விளக்குவோர் உண்டு. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. தமிழ்நாட்டில் கதிர்ப்பச்சை என்று வழங்குவது அதன் நெருங்கிய உறவு. மலாய் மொழியில் நீலம் என்பர். இலையைப் பறித்தவுடன் காய்ச்சி வடித்தால் தைலம் சிறப்பாக வராது. நிழலில் உலர்த்தி, சிறிது புழுங்கவிட்ட பின்னரே மணம் திரளும். வடித்த தைலமும் வைக்க வைக்க மெருகேறும். பொறுமையைக் கேட்கும் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரச் சால்வைகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது, பூச்சி அரிக்காமல் இருக்க மடிப்புகளுக்கிடையே இவ்விலையை வைத்தனர். சால்வையோடு மணமும் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சு நெசவாளர் அவற்றைப் போலச் சால்வை செய்து விற்க முயன்றபோது, வாங்குவோர் முகர்ந்து பார்த்தே உண்மைச் சால்வையைக் கண்டுகொண்டனர். அதன் பிறகு இலையைத் தேடி வரவழைத்தனர். அவ்விலைக்கும் தைலத்துக்கும் நீரிணைக் குடியேற்ற நாடுகளே பெரிய வாயிலாய் இருந்தன. பினாங்கு, ஜொகூர், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் அது பயிரானது. ‘சிங்கப்பூர்ப் பச்சோலி’ என்பது வணிகத்தில் ஒரு தரத்தின் பெயராகவே நிலவியது. பின்னர்ச் சுமத்திராவின் ஆச்சே முந்திக்கொண்டது. இன்று உலகத் தேவையின் பெரும்பகுதியை அளிப்பது இந்தோனேசியா. ஆக, ஃபேரர் பார்க்கில் ஒருவர் வாங்கும் அந்தப் பிரெஞ்சுக் குப்பி, தமிழ்ப் பெயருடைய ஓர் இலையை, மலாய்த் தீவுகளில் விளைந்ததை, பிரான்சு வரை சுற்றிக்கொண்டு வந்து நம் கையில் தருகிறது. விலையில் அந்தச் சுற்றுப் பயணமும் அடங்கியிருக்கிறது.

பெயரில் தமிழ் மணக்கும் மற்றொன்று வெட்டிவேர். நறுமணக் கலைஞர் உலகெங்கும் அதனைத் தமிழ்ச் சொல்லாலேயே அழைக்கின்றனர். ஆனால் பொருளை அவர்கள் கொண்ட விதம் வேறு. மேனாட்டில் வெட்டிவேர் ஆடவர் திரவியம்; கட்டையும் புகையும் கலந்த கம்பீரம். நமக்கோ அது குடிநீர். கோடையில் மண்பானைத் தண்ணீருக்குள் ஒரு முடி வெட்டிவேரை இட்டுக் குடித்து வளர்ந்தவருக்கு அம்மணம் தாகத்தின் மணம். மேனாட்டார் நூலில் எந்தத் தலைப்பின்கீழ் அது வந்தாலும், நம் கணக்கில் அது சுவைமணமே.

ரோஜாவும் அவ்வாறே. ஐரோப்பியருக்கு ரோஜா முதன்மையாக மலர், அணியும் மணம். திருமண வாயிலில் பன்னீர்ச் செம்பால் தெளிக்கும் நாமோ, அதே பன்னீரைப் பாலிலும் பாயசத்திலும் சேர்க்கிறோம். சிங்கப்பூரின் காப்பிக் கடையில் ரோஜாப் பாகைப் பாலில் கலந்து ‘பாண்டோங்’ என்று இளஞ்சிவப்பு நிறத்தில் குவளையில் தருகிறார்கள். இங்கே பிறந்த குழந்தைக்கு ரோஜா என்பது முதலில் குடித்து அறிந்த மணமாக இருக்கக்கூடும். பாண்டான் இலை இதற்கு மறுதிசையில் செல்கிறது. இலங்கைத் தமிழர் ரம்பை என்று கறியில் இடுவதும், இங்கே தேங்காய்ச் சோற்றிலும் கேக்கிலும் மணப்பதும் அதுவே. பாஸ்மதி அரிசியின் மணத்துக்குக் காரணமான அதே சேர்மம்தான் அதிலும் இருக்கிறது. அவ்விலையைக் கட்டுக் கட்டாக வாடகை வண்டியின் பின்புறத்தில் வைத்துக் காற்றை மணக்கச் செய்யும் வழக்கமும் இந்நகருக்கு உண்டு. உணவு அறைமணமாகிறது. எவரும் அதனை விந்தையாக எண்ணுவதில்லை.

இந்த எல்லை கடத்தல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் அறிவை ஆறாக வகுக்கும்போது மெய், நா, மூக்கு, கண், செவி, மனம் என்னும் வரிசையைக் கொள்கிறது. முதல் மூன்றைக் கவனியுங்கள். தோல், நாக்கு, நாசி. அறிவின் அடித்தளத்தில் தொடுதலும் சுவைத்தலும் முகர்தலும் அடுத்தடுத்து நிற்கின்றன. காண்பதும் கேட்பதும் பின்னரே வருகின்றன. உயிர்களின் வகைப்பாட்டுக்காகச் சொல்லப்பட்ட வரிசை அது என்பது உண்மையே. எனினும் மேனியில் பூசி, நாவூறும்படி முகரும் ஒரு திரவியத்தைப் பற்றிச் சிந்திப்பவருக்கு அவ்வரிசை மிகவும் பொருந்திவிடுகிறது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் நீராட்டு வருகிறது. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை என்று எண்ணிச் சொல்லும் அளவுக்கு அக்காலத்தில் மணப்பொருள் ஒரு துறையாக வளர்ந்திருந்தது. தாம்பூலத்தோடு சேரும் பஞ்சவாசத்தை நிகண்டு மரபு தக்கோலம், ஏலம், இலவங்கம், சாதிக்காய், கற்பூரம் என்று தொகுக்கிறது. இன்று சுவைமணக் குப்பிகளின் பெட்டிகளில் அச்சிடப்படும் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். ஏலக்காயும் கிராம்பும் சாதிக்காயும் மீண்டும் மீண்டும் வரும். பஞ்சவாசம் வாயில் இட்டு மெல்வது. ஆனால் அதன் நோக்கம் பசி தீர்ப்பதன்று. பேசும்போது எதிரில் இருப்பவருக்கு மணப்பது. அதனை உணவு என்பதா, ஒப்பனை என்பதா? அக்காலத்தார் இக்கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் கண்ணனின் சங்கைப் பார்த்து வினவுகிறாள். அவன் வாய் கற்பூரம் மணக்குமா, தாமரை மணக்குமா என்பது ஒரு கேள்வி. தித்தித்திருக்குமா என்பது அதையடுத்த கேள்வி. அவன் வாயின் சுவையையும் மணத்தையும் சங்கு அறிந்திருக்கும், தான் அறியவில்லை என்னும் ஏக்கம் அது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் மூக்கும் நாக்கும் ஒரே மூச்சில் கேள்வி கேட்ட இடம். காதலும் பக்தியும் பற்றி அப்பாடலில் எழுதியவர்கள் பலர். அந்தக் கற்பூரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

கற்பூரத்தின் கதை நம்மைக் கடலுக்கு அழைத்துச் செல்கிறது. தீபாராதனையில் எரியும் கட்டிக் கற்பூரம் வேறு. உண்ணத்தகும் பச்சைக் கற்பூரம் வேறு. பழங்காலத்தில் பெரும்புகழ் பெற்ற கற்பூரம் சுமத்திராவின் மேற்குக் கரையில், பாருஸ் என்னும் துறைமுகத்தின் பின்னிலக் காடுகளில், நெடுமரங்களின் உட்பிளவுகளில் படிகமாக விளைந்தது. மலாய் மொழியில் இன்றும் கற்பூரத்துக்குக் காப்பூர் பாருஸ் என்றே பெயர். அத்துறைமுகத்தை அடுத்த லோபு துவாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கூடி எடுத்த முடிவை அது பதிந்துள்ளது. வந்து சேரும் மரக்கலத்தின் நாயகர் முதலானோர் கஸ்தூரியின் விலையை ஒட்டிப் பொன் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். 1932இல் நீலகண்ட சாஸ்திரியார் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். கல் இன்று ஜகார்த்தா அருங்காட்சியகத்தில் உள்ளது.

அக்கட்டளையில் என்னை நிறுத்திவைப்பது கஸ்தூரி என்னும் சொல். கடலுக்கு அப்பால், காட்டோரத் துறைமுகத்தில், தமிழ் வணிகர் தம் கட்டணத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது நெல்லை அன்று, துணியை அன்று. ஒரு வாசனைப் பொருளின் விலையை. எல்லாரும் அறிந்த விலை, எல்லாரும் நம்பும் விலை என்று அது இருந்தாலன்றி அவ்வாறு எழுத முடியாது. மணம் அவர்களுக்கு ஆடம்பரமாக மட்டும் இருக்கவில்லை. நாணயத்துக்கு அடுத்த நிலையில் இருந்தது. அதற்கு அறுபதாண்டு முன்னரே, 1025இல் நிகழ்ந்த இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தி, வென்ற இடங்களுள் தலைத்தக்கோலம் என்பதையும் வைக்கிறது. பஞ்சவாசத்தின் தக்கோலத்தோடு பெயர் ஒத்த துறைமுகம். மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருந்ததாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சோழநாட்டு மாளிகையில் மென்ற தாம்பூலத்தின் மணம் பாதிக்கு மேல் இப்பக்கத்துக் கடல்களிலிருந்து சென்றது. சாதிக்காயும் கிராம்பும் மலுக்குத் தீவுகளையும் அவற்றின் அண்டையையும் தாயகமாகக் கொண்டவை. அவ்வகையில் நம்மைப் புலம்பெயர்ந்தவர் என்னும்போது, நமக்கு முன்னர் எதிர்த்திசையில் புலம்பெயர்ந்த மணங்கள் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

சிங்கப்பூரே ஒரு காலத்தில் சாதிக்காய் நகரமாக முயன்றது. ராஃபிள்ஸ் 1819இலேயே நாற்றுகளை வரவழைத்து அரசாங்கக் குன்றில் நடச் செய்தார். 1840களில் மருத்துவர் ஆக்ஸ்லி உட்படப் பலர் தோட்டம் இட்டனர். ஆர்ச்சர்ட் சாலையின் பெயர் அத்தோட்டங்களின் எச்சம். 1850களில் நோய் தாக்கி எல்லாம் அழிந்தது. இப்போது அச்சாலையின் கடைத்தொகுதிகளில் சாதிக்காய் மணம் குப்பியில்தான் கிடைக்கும்.

பச்சைக் கற்பூரம் அவ்வாறு அழியவில்லை. பெருமாள் கோயில்களில் துளசியும் பச்சைக் கற்பூரமும் சேர்ந்த தீர்த்தத்தை அர்ச்சகர் உள்ளங்கையில் வார்க்கும்போது நிகழ்வதைக் கூர்ந்து நோக்க வேண்டும். பெறுபவர் அதனை முதலில் அருந்துகிறார். எஞ்சிய ஈரத்தைத் தலையில் தடவிக்கொள்கிறார். ஒரே துளி நாவுக்கும் தோலுக்கும் உரியதாகிறது. குளிர்ச்சி தொண்டையில் இறங்கும் அதே வேளையில் நெற்றியிலும் பரவுகிறது. மேனியில் அணியும் உண்மணம் என்ற கருத்து ஃபேரர் பார்க் பகுதிக்குள் நுழைய 1992 வரை காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அக்கோயிலின் அகவைக்கு அந்தப் பிரெஞ்சுக் குப்பி கொள்ளுப் பேத்தி.

இத்துணை நெடிய உறவு உடையவர்கள் மணத்தைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசுகிறோமா? இல்லை. இங்கே கதை சற்றுக் கசப்பாகிறது. தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துப் பள்ளி சென்ற என் தலைமுறைப் பெண்களுள், ஏதேனும் ஒரு வகுப்பறையில் மூக்கைப் பொத்திக் காட்டப்படாதவர் அரிது. அலுவலகத்துக்குப் புறப்படும் முன் சமைத்தால் சட்டையில் தாளிப்பு ஏறிவிடும் என்று அஞ்சி, முதல்நாள் இரவே சமைத்து வைப்பவர்களை அறிவேன். 2011 ஆகஸ்டில் இந்த அச்சம் நாடறியப் பேசப்பட்டது. சீனாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று அண்டை வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி மணத்தைப் பற்றி முறையிட்டது; சமரசப் பேச்சில், அவர்கள் வீட்டில் இல்லாத வேளையில் மட்டும் கறி சமைப்பதாக உடன்பாடு கண்டது. சில ஆண்டுகள் பழமையான இந்நிகழ்ச்சி நாளேட்டில் வந்தபோது எழுந்த எதிர்வினை பெரிது. ஆகஸ்ட் 21ஆம் நாளைக் கறி சமைக்கும் நாளாக அறிவித்து, பல்லாயிரவர் இணையத்தில் கைகோத்தனர். எல்லா இனத்தவரும் அதில் இருந்தனர் என்பது நினைவில் வைக்கத் தக்கது. சமரசம் செய்தவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அண்டை வீட்டாரின் மூக்கும் மூக்குதான். என் வியப்பு வேறு. ஒரு வீட்டுச் சன்னல் வழியே வந்தால் முறையீட்டுக்குரியதாகும் ஏலமும் கிராம்பும், நீலக் குப்பியிலிருந்து வந்தால் நூற்றுக்கணக்கான வெள்ளி பெறுகின்றன. அவற்றை உணர்வது அதே மூக்கு.

மொழியிலும் இந்தச் சரிவு பதிந்திருக்கிறது. நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் நல்ல மணத்துக்கும் உரியது. திருப்பாவையில் துளசியின் மணம் அச்சொல்லால் சுட்டப்படுகிறது. மார்கழிக் காலையில் சிராங்கூன் சாலையில் அப்பாசுரம் ஒலிக்கும்போது எவரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் கோயிலை விட்டு வெளியே வந்து அதே சொல்லை அடுத்தவரிடம் சொன்னால் சண்டை வரும். ஆண்டாள் கற்பூரத்துக்கு இட்ட வினையும் நாறுதலே. சொல் இழிந்தபோது, அது சுமந்திருந்த கவனமும் ஓரளவு இழிந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இங்குள்ள கடைகளில் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். தமிழ் பேசிக்கொண்டே வரும் தாயும் மகளும் திரவியத்தை முகர்ந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றனர். ‘ஸ்வீட்டா இருக்கு’, ‘ஸ்ட்ராங்கா இருக்கு’ என்ற இரண்டு சொற்களுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. அதே தாய் வீட்டில் மீனைக் கையிலெடுத்தால் கவுச்சி என்பார், பழைய எண்ணெயை முகர்ந்தால் சிக்கு வாடை என்பார், மிளகாய் வறுபட்டால் நெடி என்பார், மழை தொட்ட தரைக்கு மண்வாசனை என்பார். ஒவ்வொன்றும் துல்லியமான சொல். அவற்றுள் ஒன்றுகூட அவர் கையிலுள்ள குப்பிக்குத் தம்மைத் தகுதியானதாக நினைப்பதில்லை.

ஏன் நினைக்கக் கூடாது? கமழ்தல் மெல்லப் பரவும் நன்மணத்துக்கு உரியது. வீசுதல் காற்றோடு தொலைவு செல்வதற்கு. மணத்தல் என்பதற்குக் கூடுதல், கலத்தல் என்னும் பொருளும் உண்டு. பல பொருள் கூடி ஒன்றாகும் திரவியத்துக்கு இதைவிடச் சிறந்த வினை எம்மொழியிலும் எளிதில் அமையாது. எனவே நம் குப்பியை இவ்வாறு விவரிக்கலாம்: முதலில் காரநெடியோடு குப்பென்று எழும், அரைமணியில் வெல்லப்பாகாய்க் கமழும், மாலைக்குள் வனிலாவும் பச்சிலையும் மணந்து மண்வாசனையாய்த் தோலில் படியும், வியர்த்தால் மீண்டும் வீசும். இதில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. முக்கால்வாசி அடுக்களையிலிருந்து எடுத்தவை.

சிங்கப்பூர் இன்று உலகின் நறுமண, சுவையூட்டித் தொழிலுக்கு ஆசிய மையங்களுள் ஒன்று. கிவோடான், சிம்ரைஸ் போன்ற பெருநிறுவனங்கள் இங்கே தளம் கொண்டுள்ளன. உணவுக்கான சுவையூட்டிகளும் மேனிக்கான மணங்களும் அந்நிறுவனங்களில் ஒரே கூரையின்கீழ்ப் பிறக்கின்றன. அங்கு பணியாற்றும் தமிழ் இளையர், முகர்ந்ததைத் தம் குறிப்பேட்டில் எழுதும்போது வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் கற்கண்டுக்கும் வேறுபாடு தெரிந்தவராக எழுதுவர். ஆங்கிலத்தில் அம்மூன்றும் சர்க்கரை என்னும் ஒரே பெட்டிக்குள் போய்விடும். கருப்பட்டியின் புகையும் கற்கண்டின் குளுமையும் அதில் இராது.

இனிச் சொல்லாக்கத்துக்கு வருவோம். ‘குர்மான்’ என்பதற்கு உணவுமணம் என்றால் சமையலறை மட்டும் தோன்றுகிறது. அணிவது என்னும் குறிப்பு இல்லை. தின்மணம் சுருக்கமாக இருந்தாலும் ஓசை நயமில்லை. நாவூறு மணம் அழகானது. முகர்ந்தவுடன் உடல் செய்யும் வேலையை அது சொல்கிறது. ஆனால் விற்பனைச் சீட்டில் அச்சிட நீளம். சுவைமணம் என்பதில் ஒரு குறை உண்டு. புளிப்பும் கசப்பும் சுவைதானே என்று கேட்பார்கள். அதனைக் குறையாக நான் கருதவில்லை. இப்போது வரும் புதிய திரவியங்களில் உப்பு, எள், அரிசிக் கஞ்சி, தேநீர் ஆகியவையும் புகுந்துவிட்டன. அறுசுவை என்று எண்ணிப் பழகிய மொழிக்கு அவற்றை எல்லாம் அச்சொல்லுக்குள் வைப்பது எளிது. தித்திப்பு மட்டுமே சுவை என்பது பாரிசின் கணக்கு.

பச்சோலியை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம் என்பேன். பச்சிலை என்றே எழுதிவிடலாம்.